அண்ணி குதித்தது பதினொன்று நாற்பத்தேழுக்கு

என் அண்ணியைப் போலத் திடுக்கிடுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பின்னால் போய் மெதுவாக "அண்ணி" என்று கூப்பிட்டாலே அரை அடி மேலே போய்விட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். குக்கர் விசிலுக்குக் குதிப்பார். தன் கையால் அடுப்பில் ஏற்றிய குக்கர்தான் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒருமுறை தான் போட்ட தும்மலுக்கே அதிர்ந்து "யாரு?" என்று கேட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

என் அண்ணன் பஸ் ஓட்டுநர். அண்ணியை அவர் முதன்முதலில் பார்த்ததே இந்தத் திடுக்கிடலால்தான். பஸ்ஸின் நடுவிலிருந்து "ஐயோ!" என்று ஒரு அலறல் வந்தது. யாரோ சக்கரத்தில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து அண்ணன் பிரேக்கை மிதித்து, இறங்கி, எல்லாச் சக்கரங்களுக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து மேலே ஏறினார். விசாரித்தால், நடத்துநரின் டிக்கெட் மெஷின் 'கிர்ர்' என்றதாம். அதற்குத்தான் அந்த அலறல். அண்ணன் அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. எட்டு மாதம் கழித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். இருபத்தாறு வருடமாகத் திட்டு மட்டும் நின்றபாடில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது அண்ணனுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற வாசகம் மாதிரி ஆகிவிட்டது. "சும்மா நடிக்கிறாடா. எல்லாரும் பார்க்கணும்னு பண்றது." அவர் மட்டும் சொன்னார் என்றால் சரி, தெருவே சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன்.

ஆனால் அண்ணி பயந்தவர் இல்லை. இது யாருக்கும் புரியவில்லை. அண்ணி வேலை பார்ப்பது ஒரு பேக்கரியில். பிறந்தநாள் கேக்குகளின் மேல் க்ரீமால் பெயர் எழுதுவது அவர் வேலை. ஒருநாள் அங்கே அடுப்படியில் தீப்பிடித்தபோது முதலாளி முதற்கொண்டு எல்லோரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். அண்ணி மட்டும் நின்று ஒரு மாவுச் சாக்கை உருவித் தண்ணீரில் நனைத்துப் போட்டு அணைத்தார். அணைத்து முடித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு கரண்டி கீழே விழுந்தது. அதற்குக் குதித்தார்.

"பயம் வேற, திடுக்குனு ஆகுறது வேற தம்பி. பயம் மனசுல வரும். இது உடம்புல வரும். வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்" என்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தனிக்கட்டை. அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், மூன்று வேளையும் கீழே அண்ணி கையால்தான் சாப்பாடு. இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த காரியத்தைப் படிக்கும்போது என்னை எந்த அளவுக்குத் திட்டலாம் என்று உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கட்டும்.

போன வருடம் எங்கள் ஊருக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. ஒலியைவிட வேகமாகப் போகிற விமானம் ஒன்றைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள், மூக்கு மட்டும் விமானத்தில் பாதி நீளம். அது ஊர் மேல் பறந்தால் கீழே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். இதில் என்ன பிரச்சினை என்றால், ஒலியை முந்திப் போகிற எந்த விமானமும் பின்னால் ஓர் இடியை இழுத்துக்கொண்டு போகும். மெதுவாகப் போகிற விமானத்துக்கு முன்னால் அதன் சத்தமே ஓடிப்போய்க் காற்றை விலக்கி வைக்கும். சத்தத்தையே முந்திவிட்டால் காற்றுக்குச் சேதி போகாது. விலக நேரமில்லாமல் நெருக்குண்டு, அந்த நெருக்கம் அப்படியே தரை வரை இறங்கி வரும். அதுதான் 'டமார்'.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், ஒலியின் வேகத்தைத் தாண்டுகிற அந்த ஒரு நொடியில் ஒரே ஒரு தடவைதான் வெடிக்கும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தார். தப்பு. படகு போகும்போது அதன் அலை கரையில் ஒவ்வொரு படியாக அடித்துக்கொண்டே போகிறதல்லவா, அது மாதிரி, வேகம் குறைகிற வரைக்கும் வழியிலுள்ள ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் முறை வரும். நமக்குக் கேட்கும்போது விமானம் எப்போதோ நம்மைத் தாண்டிப் போயிருக்கும்.

சத்தம் எவ்வளவு என்று அளக்கக் கருவி இருக்கிறது. அது மனுஷனை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று அளக்கக் கருவி இல்லை. மனுஷனைத்தான் கேட்க வேண்டும். அதற்காக எங்கள் பகுதியில் அறுபது வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒன்றாகப் படிவக் கட்டு கொடுத்தார்கள். என்ன நேரத்தில் கேட்டது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, வேறு குறிப்பு உண்டா. பூஜ்யம் என்றால் கேட்கவே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியவில்லை. எழுதியதை வாசல் கேட்டில் தொங்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டால் சாயங்காலம் வந்து எடுத்துப் போவார்கள். சில நாள் பழைய போர்விமானம் பறக்கும், சில நாள் புது நீளமூக்கு. எது என்று நமக்குச் சொல்லமாட்டார்கள்.

இதை நடத்த வந்தவர் முப்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மாள். எப்போதும் கையில் ஒரு கெட்டி அட்டை, அட்டையில் காகிதம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பேனா. சிரித்துப் பார்த்ததில்லை. தெருவில் அவருக்குப் 'படிவக்கார மேடம்' என்று பெயர். அவர் வீடு வீடாக வந்து ஆள் சேர்த்தபோது அண்ணிக்கு முகமெல்லாம் பல்.

"நான் திடுக்கிட்டா அதை எழுதிக்கறதுக்கு ஒரு ஆபீஸே இருக்குதுங்க!" என்று அண்ணனிடம் சொன்னார். "இத்தனை வருஷமா யாரும் கேக்கல. இப்ப கேக்கறாங்க."

"கேட்டுட்டு ஓடப்போறாங்க" என்றார் அண்ணன்.

நானும் மாடிக்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது எங்கள் தெருவின் பெருமையைச் சொல்ல வேண்டும். ஜனங்கள் பதறிவிடக் கூடாது என்பதற்காக விமானம் பறக்கும் நேரங்களை வாரத்துக்கு ஒருமுறை நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். திங்கள் 9:40, செவ்வாய் 2:20, இப்படி. முதல் இரண்டு நாள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். மூன்றாம் நாள் யாருக்கோ ஞானம் பிறந்தது. நேரம்தான் தெரியுமே, சத்தமும் தெரியும், இதற்கு எதற்குக் காத்திருப்பது? காலையில் காபி குடித்துக்கொண்டே படிவத்தை எழுதி உறையில் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துப் படிவத்தையும் எழுதி முடித்துவிடுவார். நேரம் பலகையில் உள்ளபடி, மதிப்பெண் இரண்டு. குறைத்துச் சொன்னால் தைரியசாலி என்று பெயர், பாருங்கள்.

நான் கணக்கு வாத்தியார் அல்லவா, எல்லா நாளும் இரண்டு போட்டால் சந்தேகம் வரும் என்று இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, மூன்று என்று கலந்து போட்டேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அண்ணி மட்டும்தான் காத்திருந்தார். பேக்கரி முதலாளி அவருக்குச் சோதனை நடந்த மூன்று வாரமும் வீட்டிலேயே கேக் எழுத அனுமதி கொடுத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் கேக், பக்கத்தில் படிவம், எதிரே கடிகாரம். இடி வரும், அண்ணி குதிப்பார், கேக்கில் ஒரு கோடு எங்கேயோ ஓடும், உடனே நேரத்தைப் பார்த்து எழுதுவார். அதற்குப் பிறகுதான் அந்தக் கோட்டை ஒரு கொடியாக வளைத்து இலை வைப்பார். ஒன்பது. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் எட்டு. குறிப்புக்கு விட்டிருந்த இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். "ஒரு அடி இல்லை, ரெண்டு அடி. முதல் அடிக்கு நான் குதிச்சேன், ரெண்டாவது அடிக்கு இறங்கினேன்." "இன்னைக்கு வானத்தை விட என் பாத்திர அலமாரிதான் அதிகம் சத்தம் போட்டது." "மேற்கு ஜன்னல் முதல்ல ஆடுச்சு, அப்புறம் கிழக்கு." இதையெல்லாம் நான் படித்துச் சிரித்து, பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் படிவக்கார மேடம் மாடிப்படி ஏறி என்னிடம் வந்தார்.

"சார், நீங்க படிச்சவர். ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. ஐம்பத்தொன்பது பேர் ரெண்டு, மூணுன்னு போடறாங்க. உங்க அண்ணி மட்டும் ஒம்போது போடறாங்க. அவங்க எப்படி?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் காபிப் படிவங்களின் கதையும் வெளியே வரும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைக் கொண்டு தப்பித்துக்கொண்டேன்.

"நல்லவங்கதான் மேடம். கொஞ்சம்... பெருசு பண்ணுவாங்க" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நான்கு நாளில் கடிதம் வந்தது. 'தங்கள் மதிப்பெண்கள் ஏனையோரிடமிருந்து பெரிதும் வேறுபடுவதால், அவற்றை நீக்கிவிடுவது குறித்துப் பரிசீலித்து வருகிறோம்.' அண்ணி அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தார். எனக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தவர், கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார்.

"தம்பி, நான் பொய்யா சொல்றேன்?"

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதை நான் உண்டுகொண்டிருக்கும்போதே செய்திருந்தேன்.

"நடிக்கிறேன்னு உங்க அண்ணன் சொல்வாரு, தெரு சொல்லும், போகட்டும், வாயால சொன்னது. இவங்க கடுதாசியில எழுதிட்டாங்களே தம்பி. நான் நெஜமா குதிக்கிறேன்னு இனிமே யார் நம்புவா?"

அண்ணன் கூட அன்றைக்கு வாசகம் சொல்லவில்லை. "விட்டுத் தள்ளு. கட்டைத் தூக்கி அவங்க மூஞ்சியிலயே எறிஞ்சுட்டு வா" என்றார்.

"எறியமாட்டேன். அவங்க நீக்கினா நீக்கட்டும். நான் எழுதறதை எழுதுவேன்" என்றார் அண்ணி.

மறுநாள் புதன்கிழமை. பலகையில் போட்டிருந்த நேரம் 10:15. நான் காலையிலேயே '10:15, மூன்று' என்று எழுதிக் கேட்டில் மாட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். மூன்றாம் பாடவேளையோ நான்காம் பாடவேளையோ நினைவில்லை, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, பிள்ளைகள் "ஹோ" என்று கத்தினார்கள். "உட்காருங்க, விமானம்தான்" என்று சொல்லிவிட்டுப் பின்னத்தைத் தொடர்ந்தேன். கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிவம்தான் எப்போதோ போட்டாயிற்றே.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் படிவக்கார மேடம் வந்தார். கீழே அண்ணன், அண்ணி, நான் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்ததுமே அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. நீக்கிவிட்டேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

"அம்மா, இன்னைக்குப் பத்தேகாலுக்கு என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கலங்க."

"நிச்சயமா?"

"வந்திருந்தா நான் குதிச்சிருப்பேனே மேடம். காத்திருந்து காத்திருந்து பால் பொங்கி வழிஞ்சதுதான் மிச்சம். அதுக்கு வேணா குதிச்சேன். பூஜ்யம்னுதான் போட்டேன்."

"அப்புறம்?"

"பதினொண்ணு நாப்பத்தேழுக்கு வந்துச்சு. ரெண்டு அடி. ஒம்போது. ஆனா இன்னைக்குக் கிழக்கு ஜன்னல் முதல்ல ஆடுச்சு, அதையும் எழுதியிருக்கேன். நீங்க நம்பினாலும் நம்பாட்டியும் அப்படித்தான் ஆடுச்சு."

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் இவ்வளவு சத்தம் வரும் என்று யார் நினைத்தது? அண்ணி ஒரு குதி குதித்தார்.

விஷயம் இதுதான். காலையில் புறப்படும் நேரத்தில் விமானத்தில் ஏதோ எச்சரிக்கை விளக்கு எரிந்து, அணையமாட்டேன் என்றிருக்கிறது. சரிசெய்து கிளம்ப ஒன்றரை மணி நேரம் தாமதம். போதாக்குறைக்குக் காற்று மாறியதால் வழக்கத்துக்கு எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பறந்திருக்கிறது. எங்கள் ஊர் மேல் வந்தது பதினொன்று நாற்பத்தேழுக்கு. பத்தேகாலுக்கு விமானம் தரையில் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. அந்தத் தரையில் நின்ற விமானத்தின் இடியைத்தான் எங்கள் தெருவில் ஐம்பத்தொன்பது பேர் கேட்டு மதிப்பெண் போட்டிருந்தோம்.

"மருந்துக்கடைக்காரர் எழுதியிருக்கார், 'வழக்கத்தை விட லேசாக இருந்தது'ன்னு" என்று மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது வரைக்கும் உண்மைதான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா போட்ட?"

ஓட வழியில்லை. "மூணு" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்கு எதிரில் உட்கார்ந்து மறைக்க என்னால் முடியவில்லை. "அதுமட்டும் இல்ல அண்ணி. நீங்க பெருசு பண்ணுவீங்கன்னு மேடம்கிட்ட சொன்னது நான்தான். என் குட்டு வெளிய வந்துடும்னு பயந்து சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

அண்ணி எழுந்து உள்ளே போனார். போச்சு, இனி மூன்று வேளையும் ஓட்டல்தான் என்று நினைத்தேன். கையில் ஒரு பழைய படிவத்தோடு திரும்பி வந்து என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க. இன்னைக்குத் தேதி, ஆறேகால் மணி. 'என் அண்ணி பொய் சொல்லவில்லை.' கீழ கையெழுத்து. வாயால சொன்னது எனக்குப் போதாது தம்பி, நான் ஆபீஸ் ஆளு."

எழுதிக் கொடுத்தேன். சாட்சிக் கையெழுத்து மேடம் போட்டார். பிறகு எனக்கு இன்னொரு தேநீர் கிடைத்தது.

பதினைந்து நாள் கழித்து நூலக மண்டபத்தில் கூட்டம் போட்டு அறுபது பேரையும் கூப்பிட்டார்கள். ஐம்பத்தொன்பது பேரும் பின்வரிசைக்குப் போட்டி போட்டோம். அண்ணியும் அண்ணனும் முன்வரிசையில். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மேடம் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். மூன்று வாரச் சோதனையையும் மறுபடி முதலிலிருந்து நடத்தப் போவதாகவும், இந்தத் தடவை நேரம் எந்தப் பலகையிலும் ஒட்டப்படாது என்றும் அறிவித்தார். மருந்துக்கடைக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரோட படிவங்களை மட்டும் அப்படியே எடுத்துக்கறோம்" என்றார் மேடம். "கருவி காட்டின அளவோட அவங்க மதிப்பெண்ணை வச்சுப் பார்த்தோம். பழைய விமானம் போன நாள்லாம் எட்டு, ஒம்போது. புது விமானம் போன நாள்லாம் மூணு, நாலு. எது எந்த நாள்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் கூட மாறல. வீட்டுக்குள்ள ஜனங்களுக்குத் தொந்தரவு பண்றது வானமா, பாத்திர அலமாரியான்னு நாங்க யோசிக்கவே இல்ல. கருவியெல்லாம் வெளியிலதான் வச்சிருந்தோம். இனிமே வீட்டுக்குள்ளயும் வைக்கப் போறோம்."

விமானத்தை ஓட்டியவரும் வந்திருந்தார். குட்டையான, கூச்சமான மனிதர். அண்ணியின் முன்னால் வந்து நின்று கும்பிட்டார். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே கேக்காதுங்க, அது எனக்குப் பின்னாடி போயிட்டிருக்கும். கீழ நான் என்ன பண்ணிட்டுப் போறேன்னு உங்க குறிப்பைப் படிச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன். 'முதல் அடிக்கு குதிச்சேன், ரெண்டாவது அடிக்கு இறங்கினேன்'னு எழுதினீங்களே, அதை வெட்டி என் அலமாரிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன்."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எனக்கும் பின்வரிசையில் அதே கதிதான்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மேடம் மைக்கை அவர் பக்கம் நீட்டினார். மைக் 'கீச்' என்று ஒரு கத்து கத்தியது. அண்ணி "ஐயோ!" என்று அலறி, நாற்காலியை விட்டு எழும்பி, அண்ணனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் மண்டபமே சிரித்திருக்கும். அன்றைக்கு ஒருவர் கூடச் சிரிக்கவில்லை.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றிலிருந்த பேனாவை எடுத்தார். "ஆறு இருபத்திரண்டு. எத்தனைம்மா?"

அண்ணி மூச்சை இழுத்துவிட்டார். கொஞ்சம் யோசித்தார். "ஆறு" என்றார்.

"ஆறு இல்ல மேடம்!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். நடிக்கிறாள், நடிக்கிறாள் என்று இருபத்தாறு வருடம் சொன்ன அதே அண்ணன். கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினார். விரல் பதிந்து சிவந்திருந்தது. "ஏழு, ஏழரை இருக்கும். இந்தப் பிடியைப் பாருங்க. நான் சாட்சி."

மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் அவங்களைத்தான் சார் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஆறு என்றே எழுதிக்கொண்டார்.